வீட்டுத் தோட்டம்: வெள்ளை மரமும் பூமருதும்



ரங்கூனில் கியாக்டடாப் பகுதியில் இருக்கும் தம்பி குடும்பத்துக்கு இங்குள்ள பேர்ச் மரத்தின் விதை அனுப்பலாமா என்று எமது அயலில் உள்ள ஓர் அம்மா கேட்டிருக்கிறார். 1964இல் கடைகள் பறிபோனபின் கப்பலேறி வந்தவர்களில் ஒருவர் அவர். தம்பி அங்கேயே நின்றுவிட்டார்.

விதை அனுப்ப வேண்டாம் என்பதே எமது பதில். நோர்வேக்காரர் பியோர்க் என்று சொல்லும் இந்த மரம் குளிர்காலத்தில் உறங்கி எழும்பினால்தான் ஒழுங்காகத் துளிர்க்கும். ரங்கூனில் தை மாதத்திலும் பகலில் 30 பாகை வெயில். அது எப்படி உறங்கும்?

இங்கே பேர்ச் நடுபவர்களுக்கும் ஒரு சொல். கன்று கபில நிறமாக இருக்கிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பட்டை வெளுக்கச் சில வருடம் செல்லும். கடதாசிபோல் தொங்கும் பட்டையைப் பிள்ளைகள் இழுத்து உரித்தால் அந்த இடம் கறுத்துத் தழும்பாகும். பனி உருகும் காலத்தில் கிளை வெட்டினால் சாறு ஒழுகும். கோடையின் பிற்பகுதியில் வெட்டுங்கள். இமயமலைப் பேர்ச்சின் பட்டையில் முன்பு காஷ்மீரத்தார் ஏடு எழுதினார்கள். நமக்குப் பனையோலை, அவர்களுக்கு அது.

கியாக்டடாவுக்கு ஏற்றது பூமருது. பர்மியர் பியின்மா என்பார்கள். அதன் பட்டையும் செதில் செதிலாக உரியும். கொய்யா மரத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்கு விளங்கும். இலை உதிருமுன் சிவக்கும். கோடையில் ஊதாப் பூ. ஆனால் அது பெரிய மரம். மாடிவீடுகள் நெருங்கிய இடத்தில் வளவு ஏது? வாடகை வீட்டுக்காரர் கிடங்கு வெட்ட விடுவாரா?

ஆகவே அதே இனத்துச் சிறிய சீனப் பூமருதைச் சாடியில் வைக்கச் சொல்லுங்கள். பட்டை உரிந்து வழுவழுப்பாகும். ரங்கூன் சூட்டில் இலை அவ்வளவாகச் சிவக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம். நல்ல வெயில் வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காதபடி சாடியின் அடியில் துளைகள் இட்டு ஓட்டுத்துண்டு போடவேண்டும். புதுத் தளிரில்தான் பூக்கும். தை மாதத்தில் கொப்புகளைக் கத்தரித்துப் பசளை இடலாம்.

"இன்னும் எத்தனை நாள் அங்கே இருப்போமோ, மரம் எதற்கு" என்று தம்பி கேட்கிறாராம். நாமும் முகாமில் இருந்த காலத்தில் எல்லாவற்றையும் சாடியில்தான் வைத்தோம். இருவர் தூக்கக்கூடிய சாடியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், அம்மா.