மருந்துக்கு அளவு தெரிஞ்ச ஊர்ல, இன்ஜினுக்கு மட்டும் அளவு கிடையாதா?

1/ தார், ஜிம்னி, கூர்கா, பழைய ஜீப்னு எது வச்சிருந்தாலும் சரி. அதுக்கு "ஸ்டேஜ் 2 ரீமேப்" போட்டு பவர் ஏத்தணும்னு ஆசைப்படுற தம்பிகளுக்காக இந்த த்ரெட். நீளமா இருக்கும். கொஞ்சம் கோபமும் இருக்கும். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

2/ நான் விருதுநகர் மாவட்டத்துல அரசு மருத்துவமனை டாக்டர். எம்பிபிஎஸ். ஆட்டோமொபைல் இன்ஜினியர் கிடையாது. ஆனா நீங்க இன்ஜின்ல கூட்டுற குதிரைசக்திக்கு கடைசி பில் வந்து சேர்ற இடம் எங்க கேஷுவாலிட்டி. அதனால பேசுறேன்.

3/ எங்க பக்கம் "மருந்து"ன்னா ரெண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில கொடுக்கிறது ஒண்ணு, பட்டாசு ஆலையில கலக்குறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஒரே விதிதான்: அளவு. ஒரு அறையில எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம்னு எழுதிதான் ஆலைக்கு உரிமமே கொடுக்கிறாங்க.

4/ 2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர். இந்த ஊர்ல யாருக்கும் அந்தத் தேதி மறக்காது. ஒவ்வொரு பெரிய விபத்துக்கு அப்புறமும் டீக்கடையில நாம பேசிக்கிறது ஒண்ணுதான்: குறிச்ச அளவுக்கு மேல மருந்து, குறிச்ச எண்ணிக்கைக்கு மேல ஆள். அளவை மீறினா என்ன ஆகும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

5/ அப்படிப்பட்ட ஊர்ல, அதே வீட்டுப் பையன் ஒருத்தன் லேப்டாப்பை வண்டியில சொருகி "அண்ணே, கம்பெனிக்காரன் பவரைப் பூட்டி வச்சிருக்கான், நான் திறந்து விடுறேன்"னு சொன்னா, நாம கைதட்டுறோம். இதுதான் எனக்குப் புரியல.

6/ அந்த லேப்டாப் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். இன்ஜின் பவர்ங்கிறது காத்தும் எரிபொருளும் சேர்ந்து எரியுறது. அதிகமா எரியணும்னா அதிகமா காத்து வேணும். காத்தை அமுக்கி உள்ள தள்ளுறதுக்கு ரெண்டு வழி இருக்கு: டர்போ, சூப்பர்சார்ஜர்.

7/ டர்போவைச் சுத்துறது சைலன்சருக்குப் போற புகை. சூப்பர்சார்ஜரைச் சுத்துறது இன்ஜினோட பெல்ட். கோடிக்கணக்குல விக்கிற டிஃபெண்டர் வி8-ல இருக்கிறது சூப்பர்சார்ஜர்: 5 லிட்டர், 525 குதிரைசக்தி. நம்ம ஊர் தார்ல இருக்கிறது டர்போ. 2020-ல் வந்தப்போ பெட்ரோல் 150, டீசல் 130 குதிரைசக்தி.

8/ சூப்பர்சார்ஜர் வண்டியில பெல்ட் ஓடுற புல்லியைச் சின்னதா மாத்துவாங்க. அது வேகமா சுத்தும், காத்து அதிகமா போகும். டர்போ வண்டியில இசியு-க்குள்ள இருக்கிற கணக்கை மாத்துவாங்க. அதுதான் ரீமேப். கருவி வேற, வேலை ஒண்ணுதான். அறையில மருந்தைக் கூட்டுறது.

9/ கூட்டினா என்ன ஆகும்? காத்தை அமுக்கினா அது சூடாகும். சைக்கிள் பம்ப்போட அடியைத் தொட்டுப் பாருங்க, தெரியும். ஏற்கனவே நம்ம ஊர் வெயில் சித்திரையில 40 டிகிரி. அந்தக் காத்தை இன்னும் அமுக்கி, இன்னும் சூடாக்கி சிலிண்டருக்குள்ள அனுப்புறீங்க.

10/ பெட்ரோல் இன்ஜினுக்குள்ள எரிபொருள் எரியணும். வெடிக்கக் கூடாது. இந்த வித்தியாசம் சிவகாசிக்காரனுக்குத் தெரியாதா? மத்தாப்பு எரியும், அணுகுண்டு வெடிக்கும். சூடும் அழுத்தமும் எல்லை தாண்டினா தீப்பொறி பரவுற வரைக்கும் காத்திருக்காம மிச்ச எரிபொருள் தானா வெடிக்கும். "நாக்கிங்"னு மெக்கானிக் சொல்றது அதைத்தான். பிஸ்டன் ஓட்டையாகுறதும் கேஸ்கட் போறதும் அதனாலதான்.

11/ இதுல இன்னொரு கூத்து. பல ரீமேப் ஃபைல் வெளிநாட்டுல எழுதினது. அங்க இருக்கிற பெட்ரோலுக்கும் குளிருக்கும் போட்ட கணக்கு. அதை இறக்கி சாத்தூர் வெயில்ல ஓட்டுறாங்க. பெரியவங்களுக்கான டோஸைக் குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி. நான் அப்படிக் கொடுத்தா என் மேல கேஸ் போடுவீங்க. சரிதானே?

12/ "கம்பெனி பூட்டி வச்சிருக்கான்"ங்கிறதுக்கு பதில் சொல்றேன். உங்க இதயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுது. ஓடுனா 20 லிட்டர் வரைக்கும் தள்ளும். அந்த மிச்சம் யாரும் பூட்டி வச்சது இல்ல. ஆபத்துக்கு வச்சது. தினமும் காலையில இருந்து ராத்திரி வரை 20 லிட்டர் ஓட்டுங்கன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

13/ இன்ஜின்ல இருக்கிற மிச்சமும் அப்படித்தான். மட்டமான பெட்ரோல், அடைச்ச ஏர் ஃபில்டர், கோடை வெயில், மலை ஏத்தம், பத்து வருஷத் தேய்மானம். இதையெல்லாம் தாங்கத்தான் அந்த இடைவெளி. அதைச் செலவழிச்சிட்டு "ஃப்ரீ பவர்"னு சொல்லாதீங்க.

14/ அப்புறம் அந்த "ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3". எங்க துறையில ஒருத்தர் ஸ்டேஜ் 3-ன்னு தெரிஞ்சா யாரும் ரீல்ஸ் போட மாட்டாங்க.

15/ சரி, இன்ஜின் போனா போகட்டும், உங்க காசு. என் பிரச்சினை அது இல்ல. என் பிரச்சினை இங்கதான் ஆரம்பிக்குது: பவரைக் கூட்டினீங்க, நிறுத்துறதுக்கு என்ன கூட்டினீங்க?

16/ 2020-ல் வந்த மூணு கதவு தார்ல முன்னால டிஸ்க் பிரேக், பின்னால டிரம் பிரேக். அந்த வண்டியோட எடைக்கும் கம்பெனி கொடுத்த பவருக்கும் போட்ட கணக்கு அது. ரீமேப் கடையில இருந்து வெளிய வரும்போது பிரேக் அதேதான். உயரமும் அதேதான், இல்ல லிஃப்ட் கிட் போட்டு இன்னும் கூடியிருக்கும். ஓட்டுறவன் கண்ணும் காலும் அதேதான்.

17/ பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். வேகம் கூடினா மோதலின் ஆற்றல் வர்க்கத்துல கூடும். 80-ல இருந்து 120 போனா வேகம் ஒன்றரை மடங்கு, ஆற்றல் 2.25 மடங்கு. 120-ல ஒரு செகண்டுக்கு 33 மீட்டர் போறீங்க. மாடு குறுக்க வந்ததை மூளை புரிஞ்சு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை செகண்ட்னு வச்சுக்கோங்க. 50 மீட்டர் முடிஞ்சது. பிரேக் இன்னும் பிடிக்கவே ஆரம்பிக்கல.

18/ அந்த ஆற்றல் எங்க போகும்? உடம்புக்குள்ள. வண்டி நின்னுடும், சீட் பெல்ட் உங்களைப் பிடிச்சுக்கும். ஆனா உள்ள இருக்கிற கல்லீரலும் மண்ணீரலும் இதயத்துல இருந்து கிளம்புற பெருந்தமனியும் இன்னும் முன்னால போய்க்கிட்டு இருக்கும். வெளிய ஒரு கீறல் இருக்காது, உள்ள கிழிஞ்சிருக்கும். "நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தான் சார்"னு சொந்தக்காரங்க அழுறதுக்குக் காரணம் இதுதான்.

19/ உள்ள உட்கார்ந்தவனுக்காவது பெல்ட், ஏர்பேக், நாலு ஸ்டார் ரேட்டிங் இருக்கு. எதிர்ல வர்றவனுக்கு? காலையில வெம்பக்கோட்டை, தாயில்பட்டி ரோட்டுல நின்னு பாருங்க. ஆலைக்குப் போற வேன். மனைவியைப் பின்னால ஏத்திக்கிட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்ல போற மனுஷன். சாப்பாட்டுத் தூக்கோட ரோட்டோரமா நடக்கிற அக்கா. உங்க கூடுதல் குதிரைசக்தியோட பரிசோதனைக்கூடம் இவங்க உடம்புதான்.

20/ வண்டியை உயர்த்துறவங்களுக்குத் தனியா ஒரு தகவல். அமெரிக்காவுல ஐஐஎச்எஸ்னு ஒரு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கு. 2023-ல் அவங்க வெளியிட்ட ஆய்வுப்படி, பானெட் 40 அங்குலத்துக்கு மேல உயரமா இருக்கிற வண்டி மோதினா, 30 அங்குலத்துக்குள்ள சரிவான முகப்பு இருக்கிற வண்டியை விட நடந்து போறவங்க இறக்க 45 சதவீதம் வாய்ப்பு அதிகம். தாழ்ந்த வண்டி காலை உடைக்கும். உயர்ந்த வண்டி நெஞ்சையும் தலையையும் உடைக்கும்.

21/ இப்போ புகைக்கு வர்றேன். டீசல் வண்டியில ரீமேப்போட சேர்த்து "டிபிஎஃப் டிலீட்"னு ஒண்ணு பண்றாங்க. புகையில இருக்கிற நுண்துகளைப் பிடிச்சு எரிக்கிற வடிகட்டியைக் கழட்டிடறது. 2012-லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையை முதல் வகைப் புற்றுநோய்க் காரணின்னு அறிவிச்சது. புகையிலை இருக்கிற அதே வகை. அதைத் தடுக்கிற ஒரே ஒரு சல்லடையைக் கழட்டிட்டு, கறுப்பா கக்கினா "மாஸ்"னு பாட்டு போடுறீங்க.

22/ ஒரு வண்டிதானேன்னு நினைக்காதீங்க. அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு 2020-ல் கணக்கெடுத்தது. பத்து வருஷத்துல 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டியில இப்படிக் கழட்டியிருக்காங்க. எல்லாரும் "ஒரு வண்டிதானே"ன்னு நினைச்சவங்கதான்.

23/ இது எனக்கு ஏன் உறுத்துதுன்னா, 2018-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான், தீபாவளிக்கு ரெண்டே மணி நேரம்தான்னு சொன்னப்போ இந்த ஊரே கொதிச்சுது. "வருஷம் முழுக்க வண்டிப் புகை விடுறவங்க ஒரு நாள் பட்டாசைக் குறை சொல்றாங்களே"ன்னு கேட்டோம். நியாயமான கேள்வி. பேரியம் நைட்ரேட் தடையில எத்தனை வீட்டு அடுப்பு அணைஞ்சுதுன்னு எனக்கும் தெரியும். அதே ஊர்ல நாமளே வடிகட்டியைக் கழட்டிட்டு ஓட்டினா, அந்தக் கேள்வியைக் கேட்க வாய் இருக்குமா?

24/ சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியா சொல்லிடுச்சு. மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும்.

25/ சிறைக்குப் போனவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? ஷோரூம்ல இருந்து வெளிய வந்த சொந்த வண்டி பதிவு புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசுக்குத் திரும்ப வர 15 வருஷம் ஆகும். நடுவுல இசியு-ல என்ன எழுதியிருக்குன்னு யார் பார்க்கிறா? ஹெல்மெட் போடாத கூலிக்காரரைப் பிடிக்கிற கை, ஊரே அதிர சைலன்சரைத் திறந்து விட்டுப் போற ஜீப்பைப் பிடிக்க ஏன் நீள மாட்டேங்குது? கடை போட்டு, இன்ஸ்டாவுல விளம்பரம் பண்ணி இந்த வேலையைச் செய்றவங்களை யார் கேட்கிறது?

26/ இன்ஷூரன்ஸ் இருக்குன்னு தைரியமா? சொல்லாம மாத்தின வண்டிக்கு உங்க சொந்த சேத க்ளெய்மை கம்பெனி மறுக்கலாம். எதிர்ல அடிபட்ட குடும்பம் நஷ்டஈட்டுக்காக கோர்ட் வாசல்ல வருஷக்கணக்கா நிக்கும். அவங்களுக்குக் கொடுத்த பணத்தைக் கம்பெனி உங்ககிட்ட வசூல் பண்ணவும் கேஸ் போடலாம்.

27/ உடனடிச் செலவு யாருது? 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்துல, விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அருமையான திட்டம், நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனா அது மக்கள் பணம். ரேஷன் கடை வரிசையில நிக்கிற அம்மாவும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுறாங்க. உங்க ஸ்டேஜ் 2-க்கு ஸ்பான்சர் அவங்கதான்.

28/ "அப்போ வண்டி ஆசையே கூடாதா டாக்டர்?" கூடும். இன்ஜினைப் பிரிச்சு மேயுற பையன்களோட திறமை எனக்குப் பிடிக்கும். ஐடிஐ படிச்சிட்டு, காதாலயே கோளாறு கண்டுபிடிக்கிறவங்க இந்த மாவட்டத்துல இருக்காங்க. அதுக்குன்னு இடம் இருக்கு. கோவையில கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் டிராக், கோவாவுல ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரி ஆஃப்ரோடு போட்டி.

29/ அங்க போய் பாருங்க. ஹெல்மெட், ரோல் கேஜ், நாலு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற பெல்ட், தீயணைப்பான். டாக்டரும் ஆம்புலன்ஸும் தயாரா இல்லாம ரேஸை ஆரம்பிக்க மாட்டாங்க. எதிர்ல எக்ஸ்எல் வராது. பவரை மதிக்கிறவங்க அதுக்குன்னு ஒரு அறை கட்டி வைப்பாங்க. பட்டாசு ஆலையில ஒவ்வொரு கலவைக்கும் தனித்தனியா, தள்ளித் தள்ளி ஷெட் கட்டுறோமே, அந்த மாதிரி.

30/ ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மலையடிவாரத்துல "ட்ரெயில்"னு போறவங்களுக்கும் சேர்த்து: அது 2021-ல் இருந்து புலிகள் காப்பகம். உங்க டார்க்கைச் சோதிக்கிற மைதானம் இல்ல.

31/ முடிக்கிறேன். வண்டியை மாத்தியே ஆகணும்னா நல்ல டயர் போடுங்க. பிரேக் பேடையும் ஆயிலையும் நேரத்துக்கு மாத்துங்க. ஹெட்லைட்டை எதிர்ல வர்றவர் கண்ணைக் குத்தாம சரி பண்ணுங்க. பின் சீட்டுல உட்கார்றவங்களை பெல்ட் போட வைங்க. இதுக்கெல்லாம் லைக் வராது. வீட்டுக்கு வருவீங்க.

32/ ரீமேப்புக்கு அட்வான்ஸ் கொடுத்து வச்சிருக்கிற ஒரு தம்பி உங்க காண்டாக்ட்ல கண்டிப்பா இருப்பான். இதை அவனுக்கு அனுப்புங்க. திட்டணும்னா கமெண்ட்ல வந்து என்னையே திட்டட்டும், பரவாயில்ல. இன்னிக்கு நைட் டியூட்டி, பதில் போட காலையில ஆகும்.