கருவிக்காக மொழி வளைவதா?

மாந்தனுக்காகக் கருவியா, கருவிக்காக மாந்தனா என்னும் வினா பழையது. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய நாளில், புள்ளி ஓலையைக் கிழித்துவிடும் என்று அஞ்சி, அதனை இடாமலே எழுதிச் சென்றனர் என்பர். அதன் பயனாக, ஓர் எழுத்து மெய்யோ உயிர்மெய்யோ என்று பின்னாளில் ஏடு பெயர்த்தெழுதியோரும் பதிப்பித்தோரும் மயங்க நேர்ந்தது. இன்று ஓலை போயிற்று, தாளும் பின்தங்கிற்று, கணினித் திரை முன்வந்து நிற்கின்றது. ஆயினும், கருவியின் குறையை மொழியின் தலைமேல் ஏற்றும் வழக்கம் மட்டும் போகவில்லை. மார்க்டவுன் பகுப்பி என்னும் சிறு நிரலே இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

வலைப்பக்கங்கள் எச்டிஎம்எல் என்னும் குறிமொழியால் ஆக்கப்படுகின்றன. கட்டுரை எழுதுவோர் அம்மொழியைக் கையால் எழுதுவது பெருந்தொல்லை. அத்தொல்லையைக் குறைக்க, 2004-இல் அமெரிக்கரான சான் கிரூபர், ஆரன் சுவார்ட்சின் துணையுடன், மார்க்டவுன் என்னும் எளிய எழுத்துமுறையை வகுத்தார். சொல்லின் இருபுறமும் ஒவ்வொரு விண்மீன்குறி இட்டால் அது சாய்வெழுத்தாகும்; இரண்டிரண்டு இட்டால் தடித்த எழுத்தாகும். இவ்வாறு எழுதியதைப் படித்துப் பகுத்து எச்டிஎம்எல்லாக மாற்றித் தரும் நிரலே பகுப்பி. கிரூபர் தம் பகுப்பியைப் பெர்ல் என்னும் நிரல்மொழியில் எழுதி வெளியிட்டார். பின்னர், பல நிரல்மொழிகளில் பலரும் தத்தம் பகுப்பிகளை எழுதலாயினர்.

அங்கேதான் சிக்கல் முளைத்தது. கிரூபர் தந்தது விளக்கவுரையே அன்றி வரையறுத்த இலக்கணம் அன்று. பட்டியலுக்குள் பட்டியல் அமைக்க எத்தனை இடைவெளி விட வேண்டும், தலைப்புக்கு முன் வெற்றுவரி வேண்டுமா வேண்டாவா என்பன போன்ற வினாக்களுக்கு அவ்வுரையில் தெளிவான விடை இல்லை. ஆகவே, ஒரே கட்டுரை ஒரு பகுப்பியில் ஒருவகையாகவும் மற்றொன்றில் வேறுவகையாகவும் வெளிவந்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்க, செப் அட்வுட், பெர்க்கிலிப் பல்கலைக்கழக மெய்யியற் பேராசிரியர் சான் மெக்பார்லேன் முதலிய சிலர் கூடி, 2014-இல் காமன்மார்க் என்னும் வரையறையை வெளியிட்டனர். அவர்கள் முதலில் இட்ட பெயரைக் கிரூபர் ஏற்காமையால் இப்பெயர் அமைந்தது. இவ்வரையறையின் சிறப்பு, நெறியும் எடுத்துக்காட்டும் ஒருங்கே நிற்பதாகும். 600-க்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் அதில் உள்ளன. 'இதனை இட்டால் இது வரவேண்டும்' என்று ஒவ்வொன்றும் கூறும். பகுப்பியில் ஒரு பிழையைத் திருத்துவோர் அத்தனை எடுத்துக்காட்டுகளையும் மீண்டும் ஓட்டிப் பார்த்து, ஒன்றைத் திருத்தப்போய் மற்றொன்றைக் கெடுக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். நூற்பாவையும் எடுத்துக்காட்டையும் இணைத்தே பயின்ற தமிழர்க்கு இம்முறையின் அருமை விளங்காமற் போகாது.

ஆனால், அந்த இலக்கணம் எம்மொழியின் இயல்பைக் கண்முன் வைத்து எழுதப்பட்டது?

தடித்த எழுத்தை முடிக்கும் விண்மீன்குறிக்கு அவ்வரையறை ஒரு நெறி கூறுகின்றது. அக்குறிக்கு முன்னால் மேற்கோட்குறியோ பிறைக்கோடோ நிறுத்தக்குறியோ நின்றால், அதன் பின்னால் இடைவெளியோ வேறொரு நிறுத்தக்குறியோ வருதல் வேண்டும், எழுத்து வரலாகாது. ஆங்கிலத்தில் இந்நெறியால் பெரும்பாலும் இடரில்லை. அங்கே வேற்றுமைப் பொருளைக் குறிக்கும் சொல் முன்னால் தனித்து நிற்கும்; பெயருக்குப் பின் இடைவெளி வந்துவிடும். தமிழிலோ உருபு பெயரின் பின்னே ஒட்டி வரும். “முல்லைப்பாட்டு”க்கு என்று ஒருவர் எழுதினால், பின்னிரு விண்மீன்களுக்கு முன் மேற்கோட்குறி நிற்கின்றது. பின் 'க்கு' என்னும் உருபு நிற்கின்றது. நெறிப்படி நடக்கும் பகுப்பி அதனை முடிவுக்குறியாக ஏற்காது. சொல் தடிக்காது, விண்மீன்கள் அப்படியே பக்கத்தில் சிந்திக் கிடக்கும்.

இது தமிழைப் பகைத்துச் செய்த செயல் அன்று. ஒன்றனுள் ஒன்றாக விண்மீன்குறிகள் வரும்போது, எது தொடக்கம் எது முடிவு என்று பிரித்தறியவே அந்நெறி வகுக்கப்பட்டது. சொற்களுக்கிடையே இடைவெளி விடாத சீனத்திலும் சப்பானியத்திலும் எழுதுவோர் இதே இடரைக் கண்டு எடுத்துரைத்துள்ளனர். பகை இல்லாவிடினும் கேடு கேடே!

இதனினும் கொடிது வேறொன்று உண்டு. நிரல்மொழிகளில் 'சொல்லெழுத்து' என்று பொருள்படும் ஒரு சுருக்கக்குறி உண்டு. சாவாசிகிரிப்ட்டில் அக்குறி ஆங்கிலத்தின் சிறிய, பெரிய எழுத்துகள் 52, எண்கள் 10, அடிக்கோடு 1 ஆக 63 குறிகளை மட்டுமே எழுத்தென மதிக்கும். தமிழ் எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை! பைத்தான் மொழியோ தமிழின் உயிரையும் அகரமேறிய மெய்யையும் ஏற்கும். புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் ஏற்காது. தலைப்புகளுக்கு உள்முகவரி ஆக்கும்போது, 'சொல்லெழுத்து அல்லாதவற்றை நீக்குக' என்று நிரலாளர் எழுதிவிட்டால், 'தமிழ்' என்னும் தலைப்பு 'தமழ' என்றாகிவிடும். ஓலைக்காலத்தில் இழந்த புள்ளியைக் கணினிக்காலத்திலும் இழப்பதா?

'மேற்கோட்குறியை விண்மீனுக்கு வெளியே இட்டால் போதுமே. உருபுக்கு முன் ஓர் இடைவெளி விட்டால் தீர்ந்ததே' என்பார் உளர். முதல் வழி சிலவிடத்துச் செல்லும். ஆனால், புறநானூறு (உரை)யில் என்னுமிடத்துப் பிறைக்கோட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டாம் வழியோ நஞ்சு. பெயரையும் உருபையும் பிரித்தெழுதினால், இன்று பகுப்பிக்காகச் செய்தது நாளை கைப்பழக்கமாகும். மறுநாள் அதுவே முறையென்று இளையோர் கற்பர். ஒரு நிரலில் சில வரிகளைத் திருத்த இயலாமைக்காக, உருபு பெயரோடு ஒட்டி நிற்கும் இயல்பைக் கைவிடுவது அறிவுடைமை ஆகுமா?

திருத்த இயலாதது அன்று இது. மெக்பார்லேனே 2022-இல் வெளியிட்ட சாட் என்னும் புதிய எழுத்துமுறையில், முடிவுக்குறிக்கு முன் இடைவெளி இருத்தலாகாது என்பதே அடிப்படை நெறி. பின்னால் உருபு ஒட்டினாலும் தடையில்லை. உள்முகவரிச் சிக்கலும் அத்தகையதே. ஒருங்குறியின் வகைப்பாட்டைக் கொண்டு, எழுத்துகளோடு சார்குறிகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு எழுதினால் புள்ளி பிழைக்கும். சாவாசிகிரிப்ட்டில் 2018 முதலே இதற்கு வழி உண்டு.

ஆகலின், தமிழறிந்த நிரலாளர் செய்ய வேண்டுவது புலம்பலன்று. பகுப்பிகள் பலவும் எவரும் படித்துத் திருத்தத்தக்க திறந்த நிரல்களே. உருபு ஒட்டிய பெயர், புள்ளி பெற்ற மெய், பிறைக்கோட்டுக்குப் பின்வரும் இடைச்சொல் என்று வகைவகையாக எடுத்துக்காட்டுகளை எழுதி, 'இதனை இட்டால் இது வரவேண்டும்' என்று அந்நிரலாளர்க்கு விடுக்க வேண்டும். திருத்தத்தையும் தாமே எழுதித் தரவேண்டும். எடுத்துக்காட்டு ஒருமுறை அத்தொகுதியில் ஏறிவிட்டால், பின்னர் எவர் நிரலை மாற்றினும் தமிழ் உடைபட்டவுடன் அது காட்டிக்கொடுக்கும். 600 எடுத்துக்காட்டுகளுக்கு நடுவே தமிழுக்கென்று ஓர் அறுபது இடம்பெறுமாயின், அவ்வறுபதும் மேடைமுழக்கம் ஆறாயிரத்தினும் வலியன.

இலக்கணம் எழுதப்படும் இடத்தில் இல்லாத மொழி, பிறர் எழுதிய இலக்கணத்துக்கு அடிமைப்படும். கருவியைத் தமிழுக்கு இசையத் திருத்துக. கருவிக்கு இசையத் தமிழைத் திருத்தற்க!