நெல்லையின் புதிய கட்டடங்களில் நம் கணக்கு எங்கே?

காலை ஆறரை மணிக்கு நெல்லைக்கு வரும் டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். முன்பக்கம் கல்லூரிப் பையோடு பெண் பிள்ளைகள் இருப்பார்கள். பின்பக்கம் தூக்குவாளியும் கரண்டியும் வைத்த பையோடு கொத்தனார்களும் சித்தாள்களும் இருப்பார்கள். பல நாட்களில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே தெருவைச் சேர்ந்தவை. ஒரே வீட்டைச் சேர்ந்தவையாகவும் இருக்கும். அம்மா வண்ணார்பேட்டையில் இறங்கி கலவை சுமக்கப் போகிறார். மகள் பாளையங்கோட்டையில் இறங்கி வகுப்புக்குப் போகிறாள். நகரத்தைக் கட்டுவதும் நகரத்தில் படிப்பதும் நம் வீட்டில் ஒரே நேரத்தில் நடக்கிற வேலைகள். ஆனால், நகரத்துக்குத் திட்டம் போடுகிற மேசையில் மட்டும் அந்த அம்மாவும் இல்லை, மகளும் இல்லை.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். 1895இல் தொடங்கிய சாராள் தக்கர் கல்லூரி, 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, சித்த மருத்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரி, 1990இல் வந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மூன்று மாவட்டத்துப் பிள்ளைகள் படிக்க வரும் ஊர் இது. 2017இல் இந்த ஊர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அன்று முதல் தோண்டாத தெரு இல்லை. சந்திப்புப் பேருந்து நிலையத்தை 2018இல் இடித்தார்கள். திரும்பத் திறக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பாளையங்கோட்டை மார்க்கெட்டும் டவுன் போஸ் மார்க்கெட்டும் இடித்துக் கட்டப்பட்டன. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய தெருக்களைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள்.

இந்தத் திட்டத்தின் விதிப்படி மத்திய அரசு ஒரு நகரத்துக்கு 500 கோடி ரூபாய் வரை தரும். மாநில அரசும் அதே அளவு போட வேண்டும். அதாவது, ஒரு ஊருக்கு ஏறத்தாழ 1,000 கோடி. 2025 மார்ச் 31ஆம் தேதியோடு திட்டம் முடிந்துவிட்டது. இனி திறப்பு விழாக் கல்வெட்டுகள்தான் பேசும். அந்தக் கல்வெட்டுகளில் எழுதாத கணக்கைக் கேட்க வேண்டிய நேரம் இது.

வளர்ச்சிக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று அண்ணல் அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே கண்டித்துப் பேசினார். நகரத்துப் பேருந்து நிலையத்தில் பெஞ்சில் உட்கார யாரையும் கேட்க வேண்டியதில்லை. டீக்கடையில் எந்த டம்ளர் என்ற கேள்வி இல்லை. நமக்கு நகரம் வேண்டும். நல்ல பேருந்து நிலையம் வேண்டும், நல்ல மார்க்கெட் வேண்டும். "பேருந்து நிலையத்தில் எல்லோரும்தானே ஏறுகிறார்கள், இதில் எங்கே சாதி?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏறும்போது இல்லைதான். கட்டும்போது யாருக்குக் கூலி, யாருக்குக் காண்ட்ராக்ட், கட்டி முடித்த பின் யாருக்குக் கடை, யாருக்குச் சாக்கடைக் குழி என்று பிரித்துப் பார்த்தால் சாதி தெரியும்.

கூலியின் கணக்கு

சட்டப்படி கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நலவரியாகப் பிடிக்கப்படுகிறது. அரசு வேலையானால் காண்ட்ராக்டரின் பில்லிலேயே பிடித்தம் செய்துவிடுவார்கள். தனியார் வீடு என்றால் வரைபட அனுமதியின்போதே கட்ட வேண்டும். 1,000 கோடிக்குக் கட்டுமானம் நடந்தால் 10 கோடி ரூபாய் தொழிலாளர் நலனுக்குச் சேரும். அந்தப் பணம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் வழியாகப் பிள்ளைகளின் படிப்புக்கும், திருமணத்துக்கும், விபத்துக்கும், முதுமை ஓய்வூதியத்துக்கும் திரும்பி வர வேண்டியது.

யாருக்குத் திரும்பி வரும்? வாரியத்தில் பதிவு செய்தவருக்கு மட்டும்தான். இருபது வருடம் சாந்துச்சட்டி சுமந்த நம் அத்தைமார்களிடம் அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "மேஸ்திரி பாத்துக்கிடுவாருன்னு சொன்னாவ" என்பார்கள். அல்லது, எடுத்த அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். கொத்தனாருக்கு அட்டை இருக்கும் வீட்டில்கூடச் சித்தாளுக்கு இருக்காது. சித்தாள் வேலையில் நிறையப் பேர் நம் பெண்கள். நலவரியை வசூலிப்பதில் தவறாத அரசு, அது போய்ச் சேர வேண்டிய ஆளைத் தேடிப் போவதில்லை. ஒரு பேருந்து நிலையம் கட்டும் இடத்திலேயே ஒரு நாள் பதிவு முகாம் நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

பெரிய வேலைகளில் இப்போது வடமாநிலத் தொழிலாளர்களே அதிகம். அவர்கள் தகரக் கொட்டகையில் தங்குவார்கள், நேரம் பார்க்க மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதற்காக அழைத்து வருகிறார்கள். அவர்கள் மீது கோபப்படுவதில் பொருளில்லை. நம்மைப் போலவே நிலமில்லாமல் புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் பதிவு, நமக்கும் பதிவு என்று கேட்பதே நியாயம்.

காண்ட்ராக்ட் பற்றியும் கேட்க வேண்டும். பக்கத்துக் கர்நாடகத்தில் 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சட்டப்படி இடஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். பிறகு அந்த வரம்பை 1 கோடியாக உயர்த்தினார்கள். சமூகநீதியின் மண் என்று பெருமைப்படும் தமிழ்நாட்டில் இதைச் செய்ய என்ன தடை? நம்மில் நூறு வீடு கட்டிய கொத்தனார் உண்டு. நம் வீடுகளிலிருந்து சிவில் படித்து வெளியே வந்த பொறியாளர்களும் உண்டு. ஒரு சிறிய வாறுகால் கட்டும் வேலையாவது நேரடியாக அவர்கள் பெயரில் வர வேண்டும். 2023இல் மாநில அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. கலவை இயந்திரம் வாங்க மானியம் கொடுத்துவிட்டு, அதற்கு வேலை கொடுக்காமல் இருந்தால் அந்த இயந்திரம் துருப்பிடிக்கத்தான் செய்யும்.

தரைக்கடையின் கணக்கு

மார்க்கெட்டை இடிக்கும்போது வாடகைச் சீட்டு வைத்திருக்கும் கடைக்காரருக்குத் தற்காலிக இடம் கிடைக்கிறது. சங்கம் இருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. ஆனால், மார்க்கெட் வாசலில் சாக்கை விரித்துக் கீரையும் வாழை இலையும் கொழுந்தும் விற்கும் கிராமத்துப் பெண்ணுக்குச் சீட்டு எது, சங்கம் எது? அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. புதிய கட்டடத்தில் கடைகளை ஏலம் விடும்போது வைப்புத் தொகை லட்சங்களில் போகும். தரையில் உட்கார்ந்தவருக்குத் தளம் போட்ட மார்க்கெட்டில் தரையும் இல்லை.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இதற்காகவே வந்தது. முதலில் கணக்கெடுக்க வேண்டும், சான்று கொடுக்க வேண்டும், அதுவரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது சட்டம். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதியினருக்கு உரிய இடம் என்றும் சொல்கிறது. நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் அந்தக் கணக்கெடுப்பில் இருக்கிறார்கள்? அதிகாலை முதல் பஸ்ஸில் வந்து பத்து மணிக்குள் விற்றுவிட்டுத் திரும்புபவரை, பதினொரு மணிக்கு வரும் கணக்கெடுப்பாளர் எப்படிப் பார்ப்பார்?

குழியின் கணக்கு

பாதாளச் சாக்கடை நகரத்துக்கு அவசியம். அது வந்தால் கழிவை மனிதன் அள்ளும் வேலை ஒழியும் என்றார்கள். ஆனால், குழாயைப் பதிக்கும் செலவுக்கு இருக்கும் அக்கறை அடைப்பு எடுக்கும் இயந்திரத்துக்கு இருப்பதில்லை. அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதைக் குற்றம் என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தரமாக முடங்கிப் போனவருக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றது. இழப்பீடு உயர்ந்தது நல்லது. ஆனால், இழப்பீட்டுக்கு வேலையே இல்லாமல் செய்வதுதான் அரசின் வேலை. ஒவ்வொரு கட்டுமான ஒப்பந்தத்திலும் எத்தனை கிலோமீட்டர் குழாய் என்று எழுதுவதோடு, அடைப்பு எடுக்க எத்தனை இயந்திரம் என்றும் எழுத வேண்டும்.

நகரத்தின் கழிவு நகரத்துக்குள் நிற்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நெல்லையின் குப்பை ராமையன்பட்டிக்குப் போகிறது. அந்தக் கிடங்கு தீப்பிடித்து எரியும்போது புகையைச் சுவாசிப்பது சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள்.

ஒரு அறையின் கணக்கு

மாணவர்களே, இந்தப் பகுதி உங்களுக்கானது. வெளியூரிலிருந்து படிக்க வந்தவர்களுக்குத் தெரியும். வாடகைக்கு அறை கேட்கப் போனால் முதல் கேள்வி "எந்த ஊரு?" என்பது. ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி "ஊர்ல எந்தத் தெரு?" என்பது. தெருவைச் சொன்னதும் "வீட்டுக்கு மக வாராப்பா, ரூம் இப்போதைக்கு இல்லை" என்பார்கள். சாதி என்ற சொல் ஒருமுறைகூட வராது. ஆனால், அறை கிடைக்காது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கருக்கும் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அதைக் கண்ணீர் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடிவதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கல்லூரி நகரங்களில் அந்தக் கதவு முழுதாகத் திறக்கவில்லை.

நம் மாவட்டத்தில் இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். ஊரில் பயம் என்று நகரத்துக்கு வரும் பிள்ளைக்கு அறை என்பது உயிருக்கான இடம். பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் கோடிகளை ஒதுக்கிய திட்டத்தில், கல்லூரி நகரம் என்று சொல்லிக்கொண்ட ஊரில், மாணவர் விடுதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள்? 2025இல் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். பெயரோடு அறைகளும் கழிப்பறைகளும் கூட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சி செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதியை ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. "சாலை எல்லோருக்கும்தானே, அதில் உங்களுக்கும் 20 விழுக்காடு பங்கு உண்டு" என்று பொதுச் செலவை நம் கணக்கில் எழுதும் பழைய வழக்கம் இந்தச் சட்டத்தோடு முடிய வேண்டும். நம் தெருவுக்கு வந்த வாறுகால்தான் நம் கணக்கு. நான்குவழிச் சாலை நம் கணக்கு ஆகாது.

கேட்பதற்கு அதிகச் செலவு ஆகாது. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் தரக் கெடு 30 நாள். மாநகராட்சிக்கு நான்கு கேள்விகளை அனுப்புங்கள். ஸ்மார்ட் சிட்டி வேலைகளில் பிடித்த நலவரி எவ்வளவு? புதிய வணிக வளாகங்களில் மொத்தக் கடைகள் எத்தனை, பட்டியல் சாதியினர் பெயரில் எத்தனை? நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்கள் யார், கணக்கெடுத்த தரைக்கடைகள் எத்தனை? அடைப்பு எடுக்கும் இயந்திரங்கள் எத்தனை, ஓடுகிற நிலையில் எத்தனை?

சமூகப்பணியும் பொருளாதாரமும் சிவிலும் படிக்கும் மாணவர்களே, கடைசி ஆண்டு ஆய்வுக்கு வேறு தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் தெருவில் கட்டுமான வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், நல வாரிய அட்டை எத்தனை பேரிடம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்குத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் உங்கள் கைபேசியிலிருந்தே விண்ணப்பிக்கலாம். முதல் விண்ணப்பம் உங்கள் அம்மாவுடையதாக இருக்கட்டும்.

1999 ஜூலை 23ஆம் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்தவர்களில் 17 பேர் தாமிரபரணியில் உயிரை விட்டார்கள். அந்தக் கரையில் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. நகரத்தை அழகுபடுத்த இவ்வளவு செலவழித்தவர்களுக்கு அது பெரிய தொகை அல்ல. அன்று அவர்கள் கொண்டு போனது ஒரு மனு. கேட்டது கூலி. இன்று நாம் கேட்பதும் அதே கணக்கைத்தான்.