பேயா? சினைப்பையா?

கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பெண், இரண்டு மாதத்திற்குள் காரணமின்றி அழுகிறாள். நடு இரவில் வியர்த்து எழுந்து உட்காருகிறாள். சிறு சொல்லுக்கும் சீறி விழுகிறாள். உடனே மாமியார் "காற்றுக் கருப்பு" என்கிறாள். புருஷன் "திமிர்" என்கிறான். ஜோசியன் "சனி" என்கிறான். பூசாரியோ வேப்பிலையும் உடுக்கையுமாய் வந்து தட்சணைக்குக் கை நீட்டுகிறான். இத்தனை பேரில் ஒருவராவது, "ஆபரேஷனில் எதை எதை எடுத்தார்கள்?" என்று கேட்டதுண்டா?

தோழர்களே! கர்ப்பப்பை வேறு, அதன் இருபுறமுள்ள சினைப்பைகள் வேறு. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைப் பெரும்பாலும் சுரப்பவை சினைப்பைகளே. மாதவிடாய் தானாக நிற்பதற்கு முன்பே அவ்விரண்டையும் எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் மெல்லக் குறையவேண்டிய சுரப்பு சில நாட்களில் வீழ்ந்துவிடுகிறது. உடற்கொதிப்பும், தூக்கமின்மையும், எரிச்சலும், மனச்சோர்வும் அதன் விளைவேயாகும். எலும்பும் நாளடைவில் பலங் குன்றுகிறது. சினைப்பைகளை விட்டுவைத்தாலுங்கூட, சிலருக்கு அவை சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துபோவதுண்டு. இதில் பேய்க்கு எங்கே இடம் என்று கேட்கிறோம்.

பேயை நம்பாத படித்தவர்களும் இதில் யோக்கியர்களல்ல. பழைய கிரேக்க வைத்தியர்கள், பெண்ணின் கர்ப்பப்பை உடலுக்குள் அலைந்து திரிவதாகச் சொன்னார்கள். "ஹிஸ்டீரியா" என்ற பேரே கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து அப்பேரை 1980-இல் தான் எடுத்தது. கர்ப்பப்பை இருந்தால் ஹிஸ்டீரியா, இல்லாவிட்டால் பேய்! பெண்ணுக்கு மாத்திரம் எப்படியும் விடுதலையில்லை.

பணக்காசைக்கு இவ்வுறுப்பைப் பலி கொடுக்கும் கொடுமையும் உண்டு. மராட்டியத்துப் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை 2019-இல் அரசாங்கக் குழு விசாரித்ததில், 13,861 பேர் கர்ப்பப்பையை இழந்தவர்கள் என்று தெரியவந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்டவேண்டும். மாதவிடாயோ மாதந்தோறும் வரும். ஆதலால் கர்ப்பப்பையையே எடுத்துவிடு என்ற நியாயம்! பிறகு அவள் உடல் என்ன பாடுபடும் என்று சொல்ல ஆளில்லை.

ஆபரேஷனே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. தீராத உதிரப்போக்கிலிருந்தும் வலியிலிருந்தும் அதனால் பிழைத்துச் சுகப்பட்ட பெண்கள் ஏராளம். நாம் சொல்லுவதெல்லாம், அவளைக் கேட்டுச் செய் என்பதுதான். சினைப்பையை எடுப்பது அவசியந்தானா, எடுத்தால் என்ன நேரும் என்பதைக் கத்தி வைப்பதற்கு முன் அவளிடம் சொல்லவேண்டும். பின்னால் தொல்லை வந்தால் அதற்கு ஹார்மோன் மருந்து உண்டு. அது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று வைத்தியர் சொல்லுவார், பூசாரி சொல்லமாட்டான்.

எல்லா அழுகையும் சுரப்பினால் வந்ததுமல்ல. "இனி நீ பெண்ணா?" என்று கேட்கும் ஊர்வாயும் அவளை அழவைக்கிறது. பிள்ளை பெறும் பை ஒன்றுதான் பெண் என்று நினைப்பவன், பல்லைப் பிடுங்கிக்கொண்ட பிறகு தன்னை மனிதனல்ல என்று ஒப்புக்கொள்ளுவானா?

ஆகையால், அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு பெண் இப்படி வாடினால், பூசாரிக்கு எடுத்து வைத்த பணத்தை வைத்தியருக்குக் கொடுங்கள். அவள் சொல்லுவதை உட்கார்ந்து கேளுங்கள். அதற்குக் காசுகூட வேண்டியதில்லை.