மொழியின் பெயரால் ஒரு வேலி

திறன்பெற்ற தொழிலாளர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்போர் ‘பி2’ நிலை ஆங்கிலத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதியை 2026 ஜனவரி 8 முதல் பிரிட்டன் நடைமுறைப்படுத்தியுள்ளது. இதுவரை ஒரு படி கீழான ‘பி1’ போதுமானதாக இருந்தது. பணியிடத்துக்கு மொழி வேண்டாமா என்ற கேள்வி நியாயமாகத் தோன்றலாம். ஆனால், இந்த விதியை அது பிறந்த அரசியலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

2025 மே மாதம் குடியேற்ற வெள்ளை அறிக்கையை வெளியிட்ட தொழிற்கட்சிப் பிரதமர் ஸ்டார்மர், பிரிட்டன் ‘அந்நியர்களின் தீவாக’ மாறும் அபாயம் பற்றிப் பேசினார். பின்னர் அச்சொல்லுக்கு வருந்தினார்; கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. ஜூலை 22 முதல் பொதுவான ஊதிய வரம்பு 41,700 பவுண்டாக உயர்ந்தது. பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதும் நிறுத்தப்பட்டது. தீவிர வலதுசாரிகளை வெல்வதாகச் சொல்லி அவர்களின் திட்டத்தையே தொழிற்கட்சி நிறைவேற்றுகிறது.

இது புதிய உத்தியுமன்று. 1897-இல் நேட்டால் அரசு, ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதோருக்குக் கதவடைத்தது. சட்டத்தில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை; குறி இந்தியர்களே. ஆனால் கரும்புத் தோட்டங்களுக்கு இறக்கப்பட்ட ஒப்பந்தக் கூலிகளுக்கு அந்தத் தேர்வு கிடையாது! 1901-இல் ஆஸ்திரேலியா அதே வழியில் 50 சொல் எழுத்துத் தேர்வைப் புகுத்தியது. 1934-இல் பல மொழிகள் அறிந்த கம்யூனிஸ்ட் எழுத்தாளர் எகோன் கிஷ்சைத் தடுக்க, ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தது. நீதிமன்றத்தில் அது தோற்றது. எனினும் அத்தேர்வு முறை 1958 வரை நீடித்தது.

இன்றும் நிலைமை வேறன்று. பிரிட்டன் பண்ணைகளில் பழம் பறிக்க வரும் பருவகாலத் தொழிலாளிக்கு ஆங்கிலத் தேர்வு இல்லை. அவர் ஆறு மாதத்தில் திரும்ப வேண்டும். குடும்பத்தை அழைத்துவர முடியாது. ஆக, உழைக்க வருவோருக்கு மொழி தேவையில்லை. தங்கி வாழ வருவோருக்கே தேவை. மொழி இங்கே பணிப் பாதுகாப்புக்கான அளவுகோலல்ல, உரிமைகளை மறுக்கும் வேலி.

புலம்பெயர் தொழிலாளி அந்நாட்டு மொழியைக் கற்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. தன் ஒப்பந்தத்தைப் படிக்கவும், சங்கத்தில் இணையவும், முதலாளியைத் தட்டிக்கேட்கவும் அவருக்கு மொழி வேண்டும். அதனைப் பணி நேரத்தில், கட்டணமின்றி, அரசும் முதலாளியும் கற்பிக்கட்டும். விசாவை ஒரே முதலாளியுடன் பிணைக்கும் முறை ஒழியட்டும்.

2025 ஜூலை 24 அன்று பிரிட்டனின் செக்கர்ஸில் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மோடி அரசு அதை வெற்றியென்று கொண்டாடியது. அந்த ஒப்பந்தம் சரக்குக்கும் மூலதனத்துக்கும் வாசலைத் திறந்தது. தொழிலாளிக்கான வாசல் குறுகுவதைத் தடுக்கவில்லை. தடுக்கக் கோரும் தார்மிகத் தகுதியும் இவ்வரசுக்கு உண்டா? கடந்த ஆண்டு டெல்லியிலும் குருகிராமிலும் வங்கமொழி பேசியதற்காகவே ஏழைத் தொழிலாளர்கள் ‘வங்கதேசத்தவர்’ என முத்திரை குத்தப்பட்டுப் பிடிக்கப்பட்டனர். லண்டனில் ஆங்கிலம் தெரியாதது குற்றம். குருகிராமில் வங்கமொழி தெரிந்ததே குற்றம்.

இரண்டு வேலிகளும் உழைப்பாளி மக்களைப் பிளக்கவே எழுப்பப்படுகின்றன. இரண்டையும் எதிர்த்து, எந்த மொழி பேசும் தொழிலாளியையும் தம்மவராக ஏற்று அணிதிரட்டுவது இடதுசாரி இயக்கத்தின் கடமையாகும்.