ஒரு வண்டுக்கு எத்தனை மேற்கோள்?

போன வாரம் படிவம் 4 மாணவர் ஒருவர் கைப்பேசியை என் முன்னே நீட்டினார். "சார், இவருடைய கட்டுரைகளுக்கு 12 ஆயிரம் மேற்கோள். இவருக்கு வெறும் 300. அப்போ இவர்தானே பெரிய விஞ்ஞானி?" மணி அடித்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

ஒரு விஞ்ஞானி தம் ஆய்வைக் கட்டுரையாக வெளியிடுகிறார். பின்னால் வருபவர் அதைப் பயன்படுத்தினால், தம் கட்டுரையின் கடைசியில் அதன் பெயரைக் குறிப்பிடுவார். அதுதான் மேற்கோள். அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் இவற்றைத் தொகுத்துப் பெரிய அட்டவணையாக வெளியிட்டார். ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போனது என்று தேடிப் பிடிக்கத்தான் அது உருவானது. ஆனால் எண்ணிக்கை என்று ஒன்று வந்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? யார் முதல், யார் கடைசி என்று வரிசை போட ஆரம்பித்துவிட்டோம்.

2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-குறியீட்டைக் கொண்டுவந்தார். கணக்கு எளிது. ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு 10, 8, 5, 4, 3 என்று மேற்கோள்கள் இருந்தால், குறைந்தது 4 மேற்கோள் பெற்றவை 4 கட்டுரைகள். எனவே அவருடைய எச்-குறியீடு 4. வாழ்நாளில் இரண்டே கட்டுரை எழுதி, இரண்டும் ஆயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருக்குக் கிடைப்பது 2-தான்! இதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். பெஸ்தாரி ஜெயா பக்கம் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்டது. செம்பனையில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் ஒரே மரத்தில் வந்தாலும், ஒரே சமயத்தில் பூப்பதில்லை. எனவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். அதைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நம்பினார்கள். இங்கே அது போதவில்லை. அதனால் மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் அடிக்க ஆள் வைத்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் நம் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர்.

லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி ஆப்பிரிக்காவின் கேமரூனில் வேலை செய்தவர். அங்கே யாரும் தூள் அடிக்காமலே குலை நன்றாகக் காய்த்ததை அவர் கவனித்திருந்தார். பூச்சிகள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவருக்குச் சந்தேகம். அதை ஆராய வந்தவர் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். அதன் பெயர் எலைடோபியஸ் கேமரூனிகஸ். அது முட்டையிடுவதும் வளர்வதும் ஆண் பூவில். பெண் பூவும் ஏறக்குறைய அதே மணத்தை வீசுவதால் ஏமாந்துபோய் அங்கேயும் நுழையும். உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிரும். வேறு பயிரை இது தின்னாது என்று சோதித்த பிறகே, 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். தூள் அடிக்கும் வேலை தேவையற்றுப் போனது. சிலருக்கு முதுகுவலி போனது, சிலருக்கு வருமானமும் போனது. இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

சையத்தின் 1979 கட்டுரையில் அவர் பெயர் மட்டுமே உண்டு. அதற்கு எவ்வளவு மேற்கோள் வந்திருந்தாலும் சரி, இன்று கோலசிலாங்கூர் முதல் சபா வரை ஒவ்வொரு குலையிலும் இருக்கும் அதன் விளைவை அந்த எண் காட்டுமா? கேமராவை வைத்துக்கொண்டு காற்றைப் படம் பிடிக்கும் கதைதான்.

இப்போது கூட்டாய்வு வலைப்பின்னல் என்று இன்னொரு அளவையும் வந்திருக்கிறது. ஒவ்வொரு விஞ்ஞானியும் ஒரு புள்ளி. இருவர் சேர்ந்து கட்டுரை எழுதினால் நடுவே ஒரு கோடு. யார் நடுவில், யார் ஓரத்தில் என்று படம் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கும் இது பிடிக்கும். ஆனால் 1979 கட்டுரையை அதில் போட்டால் கோடே இல்லாத ஒற்றைப் புள்ளிதான் கிடைக்கும். டேவிட்சன் இல்லை. தூள் அடித்த பெண்களும் இல்லை. 1982-இல் சையத், லாவ், கார்லி மூவரும் எழுதிய கட்டுரைக்கு மூன்று புள்ளி, மூன்று கோடு. அவ்வளவுதான்.

கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்த்திருப்பீர்கள். அந்த இனத்துக்கு 1907-இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரர் ஒலிவியே. டெரோப்டிக்ஸ் டெனர் என்ற பெயரை அடுத்து அவர் பெயரையும் எழுதுவது வழக்கம். ஆனால் கட்டுரைக் கடைசிப் பட்டியலில் அவருடைய நூலைச் சேர்க்காமல் விடுபவர்களே அதிகம். பெயர் இருக்கும், மேற்கோள் கணக்கில் வராது!

மேற்கோளை எண்ணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு துறைக்குள் நுழைபவருக்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் புற்றுநோயை ஆராய்பவர்கள் உலகெங்கும் ஏராளம், சிலாங்கூர் ஆற்று மின்மினியை ஆராய்பவர்கள் கொஞ்சம். மேற்கோள் காட்டவே ஆள் குறைவு. இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினால், நாளை ஆய்வுக்கு வரும் நம் பிள்ளைகள் ஆற்றை விட்டுவிட்டு, மேற்கோள் கிடைக்கும் தலைப்பைத் தேடி ஓடுவார்கள். நம் ஆற்றையும் நம் மரத்தையும் பிறகு யார் பார்ப்பது? பல்கலைக்கழகத் தரவரிசையிலும் மேற்கோள் எண்ணிக்கை சேர்கிறது என்பதால் இந்தக் கவலை எனக்கு அதிகம்.

கைப்பேசியை நீட்டிய மாணவரிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்த பாட்டி இருந்தால், 1981-க்கு முன்னால் அவர் பூவுக்குத் தூள் அடித்தாரா, ஒரு நாளைக்கு எத்தனை மரம், என்ன சம்பளம் என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் கேளுங்கள். அப்படியே பெரியவர் ஒருவரோடு போய், பூத்திருக்கும் ஆண் பூங்குலையை அருகில் பாருங்கள். வண்டுகள் மொய்த்துக் கிடக்கும். காலுக்குச் சப்பாத்து முக்கியம், முள்ளும் உண்டு, பாம்பும் உண்டு.