எத்தனை வாட்ஸ்?

பீடோங் பக்கம் கல்யாண விருந்துக்குத் தனியாகக் கீபோர்டு வாசிக்கப் போகிறவர், ஒலிபெருக்கி வாங்கும்போது முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ்?" வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். திறந்தவெளியில் கேட்பவரின் தூரம் இரட்டித்தாலோ 6 டெசிபெல் போய்விடும். எனவே முன்னால் இருப்பவர்கள் மறைக்காமல் ஒலி பின்வரிசை வரை போய்ச் சேர, பெட்டியைத் தலைகளுக்கு மேலே ஸ்டாண்டில் ஏற்றுவதே முதல் வேலை. அடுத்தது பேஸ். கீபோர்டின் தாளத்தோடு வரும் பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தில் 8 அங்குலப் பெட்டிகள் பெரும்பாலும் திணறும். தோட்டத்துத் திடல் என்றால் 12 அங்குலம், சிறு மண்டபம் என்றால் 10 போதும் என்பது என் கட்சி. எதுவானாலும், கடையிலேயே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். இரவு கச்சேரி முடிந்ததும் காரில் ஏற்றப்போவது நீங்கள்தானே!